நான்கு ரேடியேட்டர்கள்

எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு லொறி ரேடியேட்டர்கள் இருக்கின்றன. லொறி ஒன்றுதான். அந்த ஒன்றின் ரேடியேட்டருக்கும் எந்தப் பழுதும் இல்லை. முதலாவது வந்தபோது மனைவி அதன்மேல் பூச்சாடி வைத்தாள். இரண்டாவதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது வந்த அன்று, "வாற ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது? கராஜ் எண்டு போர்ட் எழுதித் தொங்கவிடட்டா?" என்று கேட்டாள். நான்காவது வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் குடியிருக்கும் ஒழுங்கை எங்களுடையது. நானும் கந்தோர்க்காரன்தான். முப்பது வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றேன். எந்தச் சாமான் எந்த இறாக்கையில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வாழ்க்கையில் ஒரேயொரு சாமானைத்தான் வைத்த இடம் தெரியாமல் தொலைத்தேன். அதற்காகத்தான் இந்த நான்கு ரேடியேட்டர்களும்.

லொறி ஈச்சிலம்பற்றில் அக்காவின் வீட்டு வளவில் நிற்கிறது. முன்னால் மூக்கு நீண்ட, ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்த பழைய இங்கிலாந்து லொறி. அக்காவின் கணவர், என் அத்தான், அதில் நெல்லும் கருவாடும் ஏற்றியவர். ஆவணியில் வெருகல் முருகனுக்குக் கொடியேறினால் லொறியைக் கழுவி, வேப்பிலை கட்டி, ஊர்ச்சனத்தைச் சும்மா ஏற்றிக்கொண்டு போவார். நான் அதில் கிளீனராகத் தொங்கியவன். பத்தொன்பது வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

சண்டை கிட்டவந்து ஊர் இடம்பெயரத் தொடங்கியபோது, எல்லாரும் லொறியில் போகலாம் என்றார்கள். அத்தான் மறுத்துவிட்டார். றோட்டில் லொறியைக் கண்டால் இந்தப் பக்கத்தாரோ அந்தப் பக்கத்தாரோ பறித்துக்கொள்வார்கள், விட்டுவிட்டுப் போனாலும் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்றார். அதனால் டீசல் பம்பைக் கழற்றச் சொன்னார். எஞ்சினுக்கு டீசலை அளந்து அடிக்கும் பம்ப் அது. அது இல்லாவிட்டால் லொறி வெறும் இரும்பு.

"கழட்டி ஒளிச்சு வை. எங்க எண்டு எனக்கும் சொல்லாத. தெரியாததை ஆரும் அடிச்சுக் கேட்டாலும் என்னால சொல்ல ஏலாது" என்றார் அத்தான்.

நான் பம்புக்குக் கிறீஸை அப்பி, சாக்கால் சுற்றி, பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, வளவுக்குள் இடுப்பளவு ஆழத்தில் புதைத்தேன். கிணற்றில் இருந்து மூன்றாவது பனை, அங்கிருந்து கடற்பக்கம் எட்டு அடி. எழுதி வைக்கவில்லை. எழுதினால் அகப்பட்டுவிடும் என்ற பெரிய புத்தி.

எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பனைகள் இல்லை. பங்கருக்குத் தறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு இடிந்து மூடிக் கிடந்தது. எங்கே மூன்றாவது பனை, எங்கே எட்டு அடி? விடியப்புறத்தில் ஒருவருக்கும் தெரியாமல் நாலைந்து இடத்தில் கிண்டிப் பார்த்து, அவசரமாக மூடிவிட்டு வந்தேன். நான்காம் நாள் அத்தான், "சரி, இனிப் பம்பைப் பூட்டுவம். எடுத்துக்கொண்டு வா" என்றார்.

"அவங்கள் கொண்டுபோட்டாங்கள் அத்தான்" என்றேன்.

எவங்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் 'அவங்கள்' என்றால் போதும், யாரும் விபரம் கேட்கமாட்டார்கள். வைத்த இடம் மறந்துபோச்சு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதன்பிறகு அந்த லொறி ஓடவேயில்லை. வேறு பம்ப் தேடப் பாதையும் இல்லை, வசதியும் இல்லை. அத்தான் கூலிக்கு உழவு மெசின் ஓட்டினார். பிறகு சுனாமியில் கடலும் வந்து போனது. அவர் நெஞ்சுவருத்தத்தில் செத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. நான் சொன்ன பொய் மட்டும் அப்படியே நின்றது, லொறி மாதிரி.

நான் ஓய்வுபெற்ற வருடம் அக்கா கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, மகளுக்கு வீடு கட்ட வேணும். லொறி நிக்கிற இடம்தான் மேட்டு நிலம். வாற ஆவணிக்கு வெருகல்ல கொடியேறுமட்டும் பாப்பன். அதுக்குள்ள அது தன்ர காலால வெளிய போனால் போகட்டும். இல்லாட்டி காஸ் வெட்டுறவனுக்குச் சொல்லிப்போட்டன், துண்டு துண்டா வெட்டிக்கொண்டு போவான்."

நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காத வாக்கு. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் கடந்து, முதுகு உடைய ஈச்சிலம்பற்றுக்குப் போய்வந்தேன்.

பழைய லொறியைத் திருத்துவது அழகான பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு தரம் வந்து பாருங்கள். கபினுக்குள் கீரி குட்டி போட்டிருந்தது. கீரி போனதும் குளவி வந்தது. உப்புக்காற்றில் தரைத்தகடு அப்பளம்போல நொறுங்கி, சீற்றில் இருந்தால் கால் நேரே புல்லில் பட்டது. எஞ்சின் இறுகியிருந்தது. சிலிண்டர்களுக்குள் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, முன்னால் ஹாண்டிலைப் போட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் தொங்கினேன். ஐந்தாவது மாதம் எஞ்சின் ஒரு நூலளவு அசைந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க அசைஞ்சது?" என்றாள். வெல்டிங் பாஸ் ஒருவர் வந்து தகடு ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓட்டை போட்டுவிட்டுப் போனார். பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் எங்குமே இல்லை. கடைசியில் நெல் ஆலை மெசினின் ரப்பரைச் செதுக்கிப் போட்டேன்.

இவ்வளவும் சரிவந்தது. பம்ப் மட்டும் சரிவரவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு மூன்று தரம் போனேன். பழைய வாகனச் சாமான் அங்கே இல்லாவிட்டால் எங்கேயும் இல்லை என்பார்கள். முதல் தரம் சிரித்தார்கள். இரண்டாம் தரம் நாலு சிலிண்டர் பம்பைக் காட்டி, "சமாளிக்கலாம்" என்றார்கள். ஆறு பேருக்கு நாலு சாப்பாட்டுப் பார்சலா? மூன்றாம் தரம் அச்சொட்டாக அதே பம்ப் கிடைத்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பூட்டப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்களுடையது வலப்பக்கம் சுற்றுவது, இது இடப்பக்கம் சுற்றுவது. கோயிலை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. அது இப்போது அக்காவின் குசினிக் கதவடியில் கிடக்கிறது.

போகிற வழியில், கிண்ணியாவில் பாலம் கடந்ததும், ஒரு பழைய இரும்பு யார்ட் இருக்கிறது. அதன் முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். முஸ்லிம்கள் மூத்தவரை அழைப்பதுபோல நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். ஆளுக்காள் மற்றவரை மூத்தவராக்கிக்கொண்டோம்.

எங்கள் பக்கத்துப் பழைய இரும்பு வியாபாரத்தில் ஒரு வழமை உண்டு. தேடி வந்த சாமானின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் தேவை தெரிந்துவிடும், தேவை தெரிந்தால் விலை ஏறிவிடும். டயர் தேவையென்றால் பற்றரி கேட்கவேண்டும். பற்றரியைப் பார்ப்பதுபோல யார்ட்டைச் சுற்றிவந்து, போகிறபோக்கில் டயரைக் காலால் தட்டி, "இதென்ன குப்பை, இதையும் போட்டுத் தாங்களன்" என்று கேட்கவேண்டும். காக்காவிடம் வருகிற எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். நானும் முப்பது வருடக் களஞ்சிய மூளையைப் பாவித்து, தை மாதத்தில் முதல் தரம் போனபோது ரேடியேட்டர் கேட்டேன்.

"லொறி ஓடுதா அண்ணன்?" என்றார் காக்கா.

"ஓம் ஓம், நல்லா ஓடுது. கொஞ்சம் சூடாகுது, அவ்வளவுதான்."

யார்ட் முழுக்கச் சுற்றினேன். பம்ப் இல்லை. ரேடியேட்டர் இருந்தது. கேட்ட பொருளை எடுத்துவைத்துவிட்டு நிற்கிற மனிசனிடம் என்ன சொல்வது? வாங்கிக்கொண்டு வந்தேன்.

பங்குனியில் அவரே கோல் எடுத்தார். "அண்ணன், ஒங்கட சாமான் ஒண்டு வந்திரிக்கி. அதவிட நல்லது." போனேன். அவருடைய சின்னக் கந்தோர் அறைக்குள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ தந்தார். வெயிலுக்கு அறைக்கதவை எப்போதும் அகலத் திறந்தே வைத்திருப்பார். குடித்துவிட்டு யார்ட்டைச் சுற்றினேன். பம்ப் இல்லை. இரண்டாவது ரேடியேட்டர். வைகாசியில் அதே கதிரை, அதே பிளேன்டீ, மூன்றாவது ரேடியேட்டர். எனக்காக அந்த மனிசன் திருகோணமலை மாவட்டம் முழுக்க ரேடியேட்டருக்குச் சொல்லிவைத்திருந்தார். அந்த அன்பை நினைத்தால் எனக்குத் தலையைச் சுவரில் இடிக்கவேண்டும்போல இருக்கும்.

ஆவணி பிறந்தது. கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மீண்டும் கோல். "அண்ணன், இது கடைசி. புதுசு மாதிரி."

போனேன். அன்று மழைக்குணம், காற்று அடித்துக்கொண்டிருந்தது. காக்கா என்னை உள்ளே இருத்தி, கதவைச் சாத்தினார். கதவு மூடியதும் அதன் பின்னால் சீமெந்துத் தரையில் ஒரு கறுப்பு அடையாளம் தெரிந்தது. ஒரு முழ நீளத்தில், கிறீஸ் ஊறிப் பதிந்த நீள்சதுரம். வைத்த பொருளைத் தொலைத்தவனுக்கும் அந்தப் பொருளின் அடிப்பாகம் மறப்பதில்லை.

"இதில என்ன கிடந்தது காக்கா?" என்றேன். குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"அதுவா? ஒரு டீசல் பம்ப். கதவு அடிபடாமப் பாரத்துக்கு வெச்சிருந்தன். ஆறு சிலிண்டர் சாமான். சாக்குச் சுத்தி, கிறீஸும் காயாம, அப்புடிப் பூட்டி ஓடலாம். போன கிழமை கொழும்பு லோட்டோட ஏத்தி உட்டுட்டன்."

"எங்கால வந்தது?"

"சித்திரையில எங்கட பேசின்காரன் கொண்டு வந்தான், ஊரூராப் போய் பழைய இரும்பு எடுக்கிறவன். ஈச்சிலம்பற்றுப் பக்கம், யாரோ கக்கூஸ் கிடங்கு வெட்டக்குள்ள வந்த சாமானாம்."

சித்திரையில் அக்கா வளவில் புதுக் கக்கூஸ் கட்டினாள். கிடங்குக்கு இடம் பார்த்து, அளந்து, நாலு மூலைக்கும் கட்டை அடித்துக் கொடுத்தது நான்.

"ஏன் அண்ணன், ஒங்களுக்கு அது தேவையா?" என்று காக்கா கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடிக்கவேண்டும்போல இருக்கிறது. "சீச்சீ, எனக்கேன் அது? என்ர லொறிதான் ஓடுதே" என்றேன். பழக்கதோஷம். ஒரு கிழமைக்கு முன்வரை நான் தேடிய பம்ப், நான் பிளேன்டீ குடித்த கதிரையில் இருந்து நாலடி தள்ளி, திறந்த கதவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன். நான்காவது ரேடியேட்டரை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் ஈச்சிலம்பற்றுக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன்.

அக்கா கிணற்றடியில் குந்தியிருந்து இறால் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு பெரிய நீலப் பேசின்.

"அக்கா, கக்கூஸ் கிடங்கு வெட்டேக்க மண்ணுக்குள்ள ஏதும் வந்ததோ?"

"ஓம், ஒரு இரும்புக் கட்டி. தகரமெல்லாம் உக்கிப்போய்க் கிடந்தது. வெட்டின ஆக்கள் குண்டோ எண்டு பயந்து றோட்டுக்கு ஓடினவை. பிறகு பாத்தா ஏதோ மெசின் சாமான். பேசின்காரன் வந்தான், குடுத்திட்டன். இந்தப் பேசின் அதுக்குத் தந்ததுதான். நல்ல பேசின். ஏன் கேக்கிறாய்?"

எங்கள் ஊர்களில் பழைய இரும்பு கொடுத்தால் பேசினோ வாளியோ தருவார்கள். அவளில் என்ன பிழை? மண்ணுக்குள் பம்ப் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னது? நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது பனை, எட்டு அடி, 'அவங்கள்' என்று சொன்ன பொய், ரேடியேட்டர், கதவு எல்லாம் சொன்னேன். நல்ல ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவேண்டியதுதான்.

அக்கா ஏசவில்லை. கையை உதறிவிட்டு எழும்பினாள். என்னைப் பார்க்காமல், வளவின் பின்பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

"இதில ஒண்டு" என்று காலால் காட்டினாள். "இதில ஒண்டு. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால ரெண்டு. வேலியோரம் எத்தனை எண்டு எனக்குத் தெரியாது."

"என்னக்கா?"

"அத்தான் வெட்டின கிடங்கு. மரவள்ளி நடப்போறன் எண்டு மண்வெட்டியும் அலவாங்குமா நிப்பார். இடுப்பளவுக்கு வெட்டுவார். மரவள்ளிக்கு ஆரும் இடுப்பளவுக்கு வெட்டுவினமோ? பிறகு மண் சரியில்லை எண்டு மூடிப்போடுவார். வருசாவருசம். ஒரு தடி நட்டதில்லை. இந்த மனிசனுக்கு விசரோ எண்டு நான் டொக்டரிட்டயும் கேட்டனான். சாகிறதுக்கு முதல் மாசமும் வெட்டினவர்."

கக்கூஸின் பின்சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பம்ப் வந்த கிடங்கில் இருந்து இரண்டடி தள்ளி, புல் கொஞ்சம் பதிந்து கிடந்தது.

"இதுதான் கடைசி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விடியப்புறத்தில் நான் கிண்டி மூடிய இடங்களை அவர் கண்டிருக்கிறார். பொய் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கும் சொல்லாதே என்று சொன்னவரும் அவர்தான். அதனால் கேட்கவில்லையா, அல்லது எனக்கு வெட்கமாகிவிடும் என்று கேட்கவில்லையா, அது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாக அந்த வளவை ஒரு மாதத்தில் கிண்டி முடித்திருப்போம். அந்த மனிசன் மற்றவனின் உழவு மெசினில் இருந்துகொண்டு, தன்னுடைய லொறி நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் போனது என்னால். அறுபது வயதில் கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன்.

அக்கா என்னைத் தேற்றவில்லை. "நீ எப்பவாவது சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பார்" என்றாள். திரும்பிப் போய், இறாலைச் சட்டியில் கொட்டி, பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"காஸ் வெட்டுறவனை வரவேண்டாம் எண்டு சொல்லு."

"கொடியேத்தத்துக்குள்ள என்னால ஓட்ட ஏலாதக்கா."

"ஓட்டு, ஓட்டாமல் விடு. அவர் உயிர்போகுமட்டும் தேடினதை நான் ஒரு பேசினுக்குக் குடுத்துப்போட்டு நிக்கிறன். லொறியையும் குடுக்க ஏலாது. வீட்டை முன்பக்கத்தில மண் நிரப்பிக் கட்டுவம்."

அடுத்த நாள் காலை காக்காவுக்குக் கோல் எடுத்தேன். அவரைப் பேசவிடாமல் ஒரே மூச்சில் சொன்னேன்: "காக்கா, எனக்கு டீசல் பம்ப் வேணும். ஆறு சிலிண்டர், வலப்பக்கம் சுத்துறது. நீங்க கதவுக்கு வெச்சிருந்த அதே பம்ப். என்ர லொறி ஓடுறதில்லை, முப்பது வருசத்துக்கு மேல ஓடேல்ல. கொழும்பில ஆரிட்டப் போனது எண்டு சொல்லுங்க, நான் போய்த் தேடுறன். விலை எவ்வளவெண்டாலும் பரவாயில்லை."

காக்கா சிரித்தார்.

"சரி அண்ணன், பம்பெண்டு பேரச் சொல்லிக் கேக்குறீங்க, வெளங்குது" என்றார். "இப்ப உண்மையச் சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன வேணும்?"